விழுந்துபோன கல்லூரி ஹாக்கி அணியை மீண்டும் எழுப்புவது எப்படி

ஒரு கல்லூரியின் ஹாக்கி அணி எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிய அதன் கோப்பை அலமாரியைப் பார்க்க வேண்டியதில்லை; விளையாட்டுப் பொருள்கள் வைக்கும் அறையைத் திறந்து கோல்கீப்பரின் பையை வெளியே இழுத்துப் பார்த்தால் போதும். தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராகப் பொறுப்பேற்ற முதல் நாள் நான் அதைத்தான் செய்தேன். இடது காலுக்குரிய கிக்கர் என்ற பாதக் கவசம் இரண்டு இருந்தன, வலது காலுக்கு ஒன்றுகூட இல்லை. பேடின் வார் அறுந்த இடத்தில் சாக்குத் தைக்கும் சணலைக் கட்டியிருந்தார்கள். ஹெல்மெட்டின் கம்பிக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. பதிவேட்டைப் புரட்டியபோது, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு மூன்று ஆண்டுகளாகப் பெயர் கொடுத்துவிட்டு, பதினொரு பேர் சேராததால் அணி கிளம்பாமலேயே இருந்துவிட்டது என்பதும் தெரிந்தது. மூன்று முறையும் எதிரணிக்கு வாக்ஓவர், அதாவது ஆடாமலேயே வெற்றி.

அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே அவசியமில்லை, இதே நிலையில் உள்ள கல்லூரிகளை எந்தப் பல்கலைக்கழக எல்லையிலும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய வி. பாஸ்கரன் முதல், 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் வரை இந்த மண் ஆட்களைத் தந்துகொண்டேதான் இருக்கிறது. 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை சென்னையிலும், 2025-இல் ஜூனியர் உலகக் கோப்பை சென்னை, மதுரை ஆகிய இரு நகரங்களிலும் நடந்தன. கோவில்பட்டிப் பக்கம் மாலை நேரத்தில் போனால் ஸ்டிக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் போகும் பிள்ளைகளை இன்றும் காணலாம். பள்ளிக்கும் வேலைக்கும் நடுவே இருக்கும் கல்லூரி என்ற படிக்கட்டுதான் பல ஊர்களில் இடிந்து கிடக்கிறது.

அதை எடுத்துக் கட்ட நினைக்கும் உடற்கல்வி இயக்குநரோ பயிற்சியாளரோ முதலில் ஒரு கணக்கை மனத்தில் நிறுத்த வேண்டும். இளங்கலைப் படிப்பு மூன்று ஆண்டு. எனவே அணியில் மூன்றில் ஒரு பங்கினர் ஒவ்வொரு ஏப்ரலிலும் வெளியே போய்விடுவார்கள். கல்லூரி அணி என்பது வாய்க்கால் தண்ணீர் போன்றது. மேலே மடை அடைபட்டால் கீழே வயல் காய்வதற்குச் சில நாள் பிடிக்கும், அதுவரை யாருக்கும் தெரியாது. இன்று அணி தோற்கிறது என்றால் அதற்கான காரணம் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய சேர்க்கைக் காலத்தில் இருக்கிறது. அந்த ஜூன் மாதத்தில் ஒரு கோல்கீப்பரைக்கூட யாரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள். இதே கணக்கின்படி, சரிசெய்வதற்கும் மூன்று சேர்க்கைகள் வேண்டும். முதல்வரிடம் இதைப் பொறுப்பேற்கும் வாரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொன்னது இவ்வளவுதான்: முதல் ஆண்டு எந்தப் போட்டிக்கும் போகாமல் இருக்க மாட்டோம், இரண்டாம் ஆண்டு ஒரு சுற்றாவது தாண்டுவோம், மூன்றாம் ஆண்டு அரையிறுதியைப் பற்றிப் பேசலாம். கோப்பை என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. ஓராண்டில் கோப்பை தருவதாக வாக்குக் கொடுப்பவர், அடுத்த ஆண்டே கல்லூரிக்கு வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து பொய்ப் பெயரில் ஆடவைக்கும் நிலைக்குத் தள்ளப்படுவார், அது வெளியே தெரியும் நாளில் கல்லூரி தடைக்கு ஆளாகும்.

விட்டுப் போனவர்களிடம் கேளுங்கள்

புதிய ஆட்களைத் தேடும் முன், கல்லூரிக்குள்ளேயே இருந்துகொண்டு மைதானத்துக்கு வராமல் நின்றுவிட்டவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளியில் மாவட்ட அளவில் ஆடியவர்கள், முதலாண்டில் ஒரு மாதம் வந்துவிட்டு நின்றவர்கள் என்று எங்கள் கல்லூரியில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, அலுவலக அறையில் அல்லாமல் தேநீர்க் கடையில் உட்காரவைத்துப் பேசினேன். பயிற்சியாளர் திட்டினார், ஆட்டம் பிடிக்கவில்லை என்பன போன்ற பதில்களை எதிர்பார்த்துப் போன எனக்குக் கிடைத்தவை வேறு. விடுதி மாணவர்கள் ஐந்து பேர் சொன்ன காரணம் காலைச் சாப்பாடு. பயிற்சி எட்டு மணிக்கு முடியும், மைதானத்திலிருந்து விடுதி ஒன்றரைக் கிலோமீட்டர், விடுதி உணவகத்தில் எட்டேகாலுக்கு இட்லித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். வியர்வையோடு ஓடிவந்து வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்த பையன் எத்தனை நாள் பொறுப்பான்? விடுதிக் காப்பாளரிடம் பேசி, பன்னிரண்டு பேருக்குரிய இட்லியும் சாம்பாரும் மூடிவைக்கப்பட ஏற்பாடு செய்ததில் கல்லூரிக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் அடுத்த வாரம் திரும்பி வந்தார்கள்.

உங்கள் கல்லூரியில் அது சாப்பாடாக இல்லாமல் கடைசிப் பேருந்தாக இருக்கலாம், பிற்பகல் ஆய்வக வகுப்பாக இருக்கலாம், மைதானத்தைக் கிரிக்கெட்காரர்கள் பிடித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். எதுவாயினும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் உடற்பயிற்சி அட்டவணை போடத் தொடங்குவது வீண்வேலை.

ஆள் தேடும் காலம் ஜூனில் தொடங்குவதில்லை

விண்ணப்பம் கொடுக்கும் நாளில் வரிசையில் நிற்பவர்களிடம் 'ஹாக்கி ஆடுவாயா?' என்று கேட்பது தாமதமான கேள்வி. பள்ளிகளுக்கான குடியரசு தினக் குழு விளையாட்டுப் போட்டிகள் நடக்கும்போதே, மாவட்ட, மண்டல ஆட்டங்களுக்குப் போய்ப் பிளஸ் 2 மாணவர்களைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். தமிழக முதலமைச்சர் கோப்பைக்கான மாவட்டப் போட்டிகளும் இதற்கு நல்ல இடம். கோல் அடித்தவனை எல்லாரும் குறித்துக்கொள்வார்கள். அவனுக்குச் சென்னையின் பெரிய கல்லூரியிலிருந்தோ, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியிலிருந்தோ முன்பே அழைப்பு வந்திருக்கும். விழுந்துகிடக்கும் அணி அந்த வரிசையில் போய் நின்று பயனில்லை. 0-4 என்று தோற்றுக்கொண்டிருக்கும் பள்ளியின் பின்கள ஆட்டக்காரன் கடைசிப் பத்து நிமிடத்தில் எப்படி ஓடுகிறான், பந்தைப் பறிகொடுத்ததும் இடுப்பில் கைவைத்து நிற்கிறானா, திரும்பிப் பின்னால் ஓடுகிறானா என்று பாருங்கள். நான் சேர்த்தவர்களில் மிக நன்றாகத் தேறியவன் அப்படித் தோற்ற அணியிலிருந்து வந்தவன்தான்.

கோல்கீப்பர் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். நல்ல பள்ளி அணிகளில் இரண்டாவது கோல்கீப்பர் ஒருவன் மூன்று ஆண்டுகளாகப் பையைச் சுமந்துகொண்டு வெளியே உட்கார்ந்திருப்பான். பயிற்சி முழுவதும் பெற்றிருப்பான், ஆட்டம் மட்டும் கிடைத்திருக்காது. அவனைத் தேடிப் பிடியுங்கள்.

ஆள் போதாத இடத்தில் வேறு விளையாட்டுக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம், எல்லா இடத்துக்கும் அல்ல. 400 மீட்டர் ஓடுபவர் ஆறு மாதத்தில் ஓரளவுக்கு விங்கில் ஆடத் தேறிவிடுவார். விக்கெட் கீப்பருக்குப் பந்தைப் பார்த்து அசையும் கண் இருப்பதால் கோலில் நிறுத்திப் பார்க்கலாம். கிரிக்கெட்டிலிருந்து வருபவர் ஸ்டிக்கை மட்டைபோல் ஓங்குவார், பந்து ஸ்டிக்கின் வளைந்த பின்புறத்தில் பட்டு நடுவர் விசில் ஊதுவார். தட்டையான இடப்புறத்தால் மட்டுமே ஆட வேண்டும் என்பது கைக்குப் பழக இரண்டு மாதமாகும். கால்பந்தாட்டக்காரருக்குச் சிக்கல் வேறு மாதிரியானது. பந்து வந்ததும் கால் தானாக முன்னே போகும். கோல்கீப்பரைத் தவிர யாரும் காலால் பந்தைத் தடுக்கக் கூடாது என்று வாயால் நூறுமுறை சொல்வதைவிட, ஸ்டிக்கை நிலத்தோடு படுக்கவைத்துப் பந்தை நிறுத்தும் பயிற்சியைத் தினமும் நூறுமுறை கொடுப்பது பலன் தரும்.

பெற்றோரிடம் பேசும்போது நாக்கைக் கட்டுப்படுத்த வேண்டும். எட்டயபுரம் பக்கம் ஒரு வீட்டில் தீப்பெட்டி ஆலைக்குப் போய்வந்த தந்தை என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சார், இதுல வேல கெடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும் என்று சொல்லியிருந்தால் பையன் அன்றைக்கே வந்திருப்பான், ஆனால் அது முழு உண்மையல்ல. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது; ரயில்வே, காவல்துறை, வங்கிகள் ஆகியவற்றிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். ஆயினும் இவற்றுக்கெல்லாம் கல்லூரி அணியில் ஆடியது மட்டும் போதாது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடி, அங்கே தேர்வாகிப் பல்கலைக்கழக அணிக்குப் போய், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென் மண்டலப் போட்டியில் ஆடி, மண்டலத்தில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டிக்கு போவது என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகள் இருக்கின்றன. பல்கலைக்கழக அளவில் ஆடியதற்கான படிவம் 3 என்ற சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவர் கையொப்பமிட்டால்தான் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது செல்லும். இவ்வளவையும் நான் விளக்கியபிறகு அந்தத் தந்தை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப டிகிரியாவது முடிச்சிருவான்ல?" என்றார். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் உறுதி கொடுத்தேன்.

வாக்குறுதி பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விடுதிக் கட்டணச் சலுகை, புத்தகம், ஷூ எதுவாக இருந்தாலும் முதல்வர் கையொப்பமிட்ட கடிதமாக மாணவன் கைக்குப் போக வேண்டும். என் இரண்டாம் ஆண்டில் வாய்வார்த்தையாகச் சொல்லப்பட்ட சலுகையை நம்பி நான்கு பேரைச் சேர்த்தேன். நிர்வாகம் மாறியது, டிசம்பரில் நால்வருக்கும் கட்டணப் பாக்கிக்கான அறிவிப்பு வந்தது, பொங்கல் விடுமுறைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அவர்களுடைய ஊரிலிருந்து அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு எங்கள் கல்லூரிக்கு ஒரு ஹாக்கிப் பையன்கூட வரவில்லை. குற்றம் என்னுடையது, எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

மண் தரையும் டர்ஃபும்

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது முதல் இந்தப் புலம்பல் நம்மிடம் இருக்கிறது: எங்களிடம் டர்ஃப் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, மாண்ட்ரியலில் ஏழாம் இடத்துக்கு இறங்கியது என்பதால் புலம்பலில் நியாயமும் இருக்கிறது. கல்லூரி அளவிலும் முக்கிய ஆட்டங்கள் டர்ஃபுக்கு மாறிவிட்டன. 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்ட செயற்கைத் தரையைச் சொந்தமாக அமைக்கும் வசதி பெரும்பாலான கல்லூரிகளுக்கு வரப்போவதில்லை, ஆகவே இருப்பதைக் கொண்டு செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

கரிசல் மண் உள்ள ஊரானால் தரையே முதல் எதிரி. கோடையில் ஸ்டிக் நுனி நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும், மழை பெய்தால் பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். செம்மண்ணும் சரளும் கலந்து மேலே பரப்பி, லேசாக நீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கினால் பந்து ஓரளவு நேராக ஓடும். முழு மைதானத்தையும் செய்யப் பணம் இல்லாவிட்டால் ஒரு பக்கத்து 'டி'யையும் (கோலுக்கு முன்னுள்ள அரைவட்டம்) அதற்கு முன்னே இருபது மீட்டரையும் மட்டும் செய்யுங்கள், பயிற்சியில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கப்போகிறது. மாலைப் பயிற்சிக்கு முன் நீர் தெளிப்பதை வேலையாள் வரும்வரை தள்ளிப்போடாமல் ஆட்டக்காரர்களே முறைவைத்துச் செய்வது வழக்கமாக வேண்டும்.

மண் தரையில் ஆடிப் பழகியவர் டர்ஃபுக்குப் போனதும் திணறுவது முதலில் பந்தின் வேகத்தில்தான். மண்ணில் பந்து தேய்ந்து வரும், டர்ஃபில் வழுக்கிக்கொண்டு வரும். கை இறங்குவதற்குள் பந்து கடந்துபோய்விடும். இதற்கு எளிய மாற்று ஒன்று உண்டு. கல்லூரியில் சிமென்ட் கூடைப்பந்துத் தளம் இருந்தால் வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் அங்கே பந்தைத் தள்ளுவதும் நிறுத்துவதும் செய்யட்டும். ஓங்கி அடிக்கும் ஹிட் வேண்டாம், ஓங்காமல் தள்ளும் புஷ் மட்டும். சிமென்ட்டில் ஸ்டிக்கின் நுனி தேயும் என்பதால் பழைய ஸ்டிக்குகளுக்குத் துணிநாடா சுற்றி இதற்கென்றே ஒதுக்கிவிடலாம். அத்துடன் மாதம் இரண்டு முறையாவது அருகிலுள்ள விளையாட்டு ஆணையத்தின் டர்ஃப் மைதானத்தில் நேரம் கேட்டு வாங்குங்கள். அங்கே போய் ஓட்டமும் உடற்பயிற்சியும் செய்து நேரத்தை வீணாக்கக் கூடாது, அதை வீட்டுத் தரையிலேயே செய்யலாம். இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் ஷார்ட் கார்னர் எனப்படும் பெனால்டி கார்னருக்கும் கோல்கீப்பருக்கும், மீதி ஆட்டத்துக்கும் போக வேண்டும்.

முழு மைதானம் கிடைக்காத நாள்களில் ஐவர் ஹாக்கி கைகொடுக்கும். 2024 ஜனவரியில் மஸ்கட்டில் இதற்கு உலகக் கோப்பையே நடத்தினார்கள். சிறிய இடத்தில் பந்து ஒவ்வொருவரிடமும் அடிக்கடி வருவதால், பதினொருவர் ஆட்டத்தில் ஒளிந்துகொள்ளும் பலவீனமான ஆட்டக்காரர் இதில் ஒளிய முடியாது.

ஷார்ட் கார்னரில் உழையுங்கள்

எழுந்து நிற்க முயலும் அணி, தன்னைவிட வலுவான அணியோடு கள ஆட்டத்தில் சமமாக நிற்க இரண்டு ஆண்டாகும். பெனால்டி கார்னரில் மட்டும் அதற்கு முன்பே சமமாக நிற்க முடியும், ஏனெனில் அங்கே எதிராளி பந்தைத் தொடும் முன் மூன்று பேர் செய்யும் மூன்று செயல்கள் நம் கையில் இருக்கின்றன. விதி தெரிந்ததுதான், ஆயினும் பயிற்சியின் அடிப்படை அதிலிருந்தே வருவதால் சொல்லிவிடுகிறேன். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் ஒருவர் நின்று பந்தைத் தள்ளுகிறார், அது 'டி'க்கு வெளியே போன பின்புதான் கோலை நோக்கி அடிக்க முடியும். கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர் மட்டுமே பின்கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்கலாம், மற்ற ஆறு பேரும் மையக்கோட்டுக்கு அப்பால் போக வேண்டும். முதல் அடி ஹிட்டாக இருந்தால் பந்து 460 மில்லிமீட்டருக்கு மேல் எழாமல் கோல்கோட்டைத் தாண்ட வேண்டும், பந்தைத் தூக்கிச் சுண்டும் ஃப்ளிக்குக்கு அந்த உயரக் கட்டுப்பாடு கிடையாது.

இதைப் படித்ததும் எல்லாப் பையன்களும், பந்தை ஸ்டிக்கால் இழுத்துவந்து சுண்டும் டிராக் ஃப்ளிக்கைக் கற்றுக்கொடுங்கள் என்பார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பது அதைத்தான். முதல் ஆண்டில் அதற்கு இடம் கொடாதீர்கள். இடுப்பும் முதுகும் உறுதிப்படாத பையன் தினமும் நாற்பது ஃப்ளிக் எடுத்தால் கீழ்முதுகு வலியோடு ஜனவரியில் உட்கார்ந்துவிடுவான். உண்மையில் கல்லூரி அளவில் கார்னர்கள் வீணாவது அடிப்பவரால் அல்ல, தள்ளுபவராலும் நிறுத்துபவராலும்தான். பந்து துள்ளிக்கொண்டு வரும், நிறுத்துபவரின் ஸ்டிக்கில் பட்டு ஒரு சாண் விலகும், அடிப்பவர் காலை மாற்றிவைப்பதற்குள் எதிரணியின் முதல் ஓட்டக்காரர் வந்து காலடியில் நிற்பார்.

நாங்கள் செய்தது இதுதான். தள்ளுவதற்கு இருவர், நிறுத்துவதற்கு இருவர், அடிப்பதற்கு இருவர் என ஆறு பேரைப் பிரித்து, மற்றவர்கள் போன பின்பு தினமும் ஐம்பது கார்னர்கள் எடுத்தோம். கோல் விழுந்ததா என்று யாரும் எண்ணவில்லை. பந்து அசையாமல் நின்றதா என்பதை மட்டும் பள்ளி நோட்டு ஒன்றில் கோடு போட்டு எண்ணினோம். முதல் வாரம் ஐம்பதுக்குப் பதினேழு. இருவரில் யாருடைய எண் அதிகம் என்று பையன்களுக்குள்ளேயே போட்டி வந்துவிட்டது, நோட்டை எழுதும் பொறுப்பைக் காயம்பட்டு உட்கார்ந்திருந்த ஒருவன் கேட்டு வாங்கிக்கொண்டான். ஆகஸ்ட் முடிவில் நாற்பதைத் தாண்டியபோதுதான் கோல்கீப்பரைக் கோலில் நிறுத்தினோம். அந்த ஆண்டு நாங்கள் அடித்த சொற்ப கோல்களில் பாதிக்கு மேல் இந்தச் சாதாரண வழியில் விழுந்தவை: நேராகத் தள்ளு, செத்த பந்தாக நிறுத்து, தாழ்வாக வலது மூலைக்கு அடி.

தடுக்கும் பக்கத்தில் ஓடிவரும் நால்வருக்கும் முகக்கவசம், ஷின் கார்டு, பல்காப்பு ஆகியவை இல்லாமல் பயிற்சியே வைக்கக் கூடாது. 156 முதல் 163 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து அது. கல்லூரிப் பணத்தில் எதை முதலில் வாங்குவது என்ற கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது: கோல்கீப்பரின் முழு உடுப்பு, பிறகு முகக்கவசங்கள், அதன் பிறகே புது ஸ்டிக்குகளும் சீருடையும். பல கல்லூரிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பளபளக்கும் ஜெர்சியில் பத்துப் பேர் நிற்க, கோல்கீப்பர் சணல் கட்டிய பேடோடு நிற்பார். பழைய மாணவர்களிடம் உதவி கேட்கும்போதும் பொதுவாக நன்கொடை என்று கேட்காமல், 'கோல்கீப்பர் ஹெல்மெட் ஒன்று' என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள். வாங்கிய ரசீதின் படமும் அதை அணிந்த பையனின் படமும் அவருக்குப் போய்ச் சேர்ந்தால் அடுத்த ஆண்டு நீங்கள் கேட்கும் முன்பே அவர் கூப்பிடுவார்.

ஆட்டம் இப்போது 15 நிமிடம் வீதம் நான்கு பகுதிகளாக நடக்கிறது, ஆள் மாற்றத்துக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. பதினொரு பேரை மட்டும் வைத்துக்கொண்டு போகும் அணி மூன்றாம் பகுதிவரை தாக்குப்பிடித்துவிட்டு நான்காவதில் மூன்று கோல் வாங்குவது இதனால்தான். குறைந்தது பதினாறு பேர் ஆடத் தகுதியாக இருக்க வேண்டும், முன்கள ஆட்டக்காரர்களை ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். வெளியே வரச் சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்ளும் பழக்கத்தை நட்பு ஆட்டங்களிலேயே உடைத்துவிடுங்கள். நடுவரோடு வாதாடிப் பச்சை அட்டை வாங்குபவர் இரண்டு நிமிடமும், மஞ்சள் வாங்குபவர் குறைந்தது ஐந்து நிமிடமும் அணியைப் பத்துப் பேராக்கிவிட்டுப் போகிறார் என்பதையும் அப்போதே உணர்த்த வேண்டும்.

வகுப்பறையோடு சமாதானம்

அணி உடைவது மைதானத்தில் குறைவு, வருகைப்பதிவேட்டில் அதிகம். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது. போட்டிக்குப் போன நாளை வருகையாகக் கணக்கிடும் ஆன் டூட்டி (ஓ.டி.) கொடுப்பது துறைத்தலைவரின் கையில் இருக்கிறது. போட்டிக்கு முந்தைய நாள் மாலை ஓ.டி. படிவத்தோடு போய் நிற்கும் மாணவனை எந்தத் துறைத்தலைவரும் விரும்ப மாட்டார், அவரைக் குறைசொல்வதிலும் பயனில்லை. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அணியின் பெயர்ப் பட்டியலையும், எந்தெந்த மாதத்தில் எத்தனை நாள் வெளியே போக நேரும் என்ற உத்தேசக் கணக்கையும் எல்லாத் துறைகளுக்கும் முதல்வர் வழியாக அனுப்பிவிடுங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வு நவம்பரில் வரும், தென் மண்டலப் போட்டி அதையொட்டியே வரும். தவறவிட்ட உள்மதிப்பீட்டுத் தேர்வை மீண்டும் எழுத அனுமதி உண்டா என்பதைப் போட்டி முடிந்து வந்த பின்பு கேட்காமல் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

அரியர் வைத்திருப்பவர்களின் பட்டியல் ஸ்டிக்குகளின் பட்டியலுக்குப் பக்கத்தில் உங்கள் மேசையில் இருக்கட்டும். மூன்று பாடங்களுக்கு மேல் அரியர் வைத்தவர் மாலைப் பயிற்சியில் பாதி நேரம் மட்டும் வந்தால் போதும், மீதி நேரம் நூலகம் என்று ஒரு விதி வைத்தேன். முதலில் இதைத் தண்டனை என்று நினைத்தார்கள், பின்னர் சில பெற்றோர் தொலைபேசியில் நன்றி சொன்னார்கள். ஒரு வேதியியல் பேராசிரியை தானாக முன்வந்து சனிக்கிழமைதோறும் எங்கள் பையன்கள் ஐந்து பேருக்குப் பாடம் எடுத்தார். அந்த ஆண்டு இறுதியாட்டத்தைப் பார்க்க அவர் மைதானத்துக்கு வந்தபோது, பையன்கள் பயிற்சியாளரான என்னைவிட அவரைப் பார்த்துத்தான் அதிகம் பதறினார்கள்.

மாணவியர் அணியும் சேர்த்துத் தொடங்கும் கல்லூரிகள், உடைமாற்றும் அறையும் பாதுகாப்பாக வீடு திரும்பும் நேரமும் உறுதியான பின்பு தொடங்குவது நல்லது. மற்றவை எல்லாம் மேலே சொன்னபடியே.

தோற்க வேண்டிய இடத்தில் தோற்பது

முதல் ஆண்டில் யாரோடு ஆடுவது என்பதைப் பயிற்சியாளர் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அகில இந்தியப் போட்டி எதற்காவது அழைப்பு வந்தால் கல்லூரி நிர்வாகம் பெருமைக்காகப் போகச் சொல்லும். போய் 0-11 என்று தோற்று வந்தால், மறுவாரம் பயிற்சிக்கு வருபவர்களின் எண்ணிக்கை பாதியாகிவிடும். அதைவிட, நல்ல பள்ளி அணிகளோடு சனிக்கிழமைகளில் ஆடுங்கள். கோவில்பட்டிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் எங்கள் கல்லூரிப் பையன்கள் முதல் நான்கு ஆட்டங்களில் தோற்றார்கள், மீசை முளைக்காதவர்களிடம் தோற்றதில் அவமானமும் பட்டார்கள். ஐந்தாவது ஆட்டம் 2-2. அன்றைக்குப் பேருந்தில் திரும்பும்போது இருந்த சத்தத்தை நான் அதற்குப் பின் எந்த வெற்றிக்குப் பிறகும் கேட்டதில்லை.

தலைவரை இரண்டாமாண்டு மாணவர்களிலிருந்து தேர்ந்தெடுங்கள். மூன்றாமாண்டு மாணவனுக்கு அந்தப் பொறுப்பு ஒரு பரிசு போலாகிவிடுகிறது, ஏப்ரலோடு அவனும் போய்விடுவான். இரண்டாமாண்டுத் தலைவன் அடுத்த ஆண்டும் இருப்பான் என்பதால் இந்த ஆண்டு செய்த தவற்றின் விளைவை அவனே சந்திப்பான். அதேபோல ஒவ்வொரு மூத்த ஆட்டக்காரனோடும் அதே இடத்தில் ஆடும் இளையவன் ஒருவனைச் சேர்த்துவிடுங்கள். நடுக்களத்தில் ஆடும் சென்டர் ஹாஃப் எப்போது முன்னே போகக் கூடாது என்பதைப் பயிற்சியாளர் பலகையில் வரைந்து காட்டுவதைவிட, விடுதி அறையில் மூத்தவன் திட்டிச் சொல்லும்போது நன்றாக ஏறுகிறது.

மூன்றாம் ஆண்டு டிசம்பரில், பொருள் அறைக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டினேன். ஏப்ரலில் போகிறவர்கள் பெயரும் அவர்கள் ஆடும் இடமும் இடப்பக்கம் இருந்தன. வலப்பக்கம் இளையவர்களின் பெயர்கள். இரண்டு இடங்களுக்கு எதிரே மட்டும் வெறுமை: இடது பின்களம், இரண்டாம் கோல்கீப்பர். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பள்ளிகளின் குடியரசு தினப் போட்டி நடந்த மைதானத்துக்குப் போய், தோற்றுக்கொண்டிருந்த அணியின் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.